நாய்க்கும் பூனைக்கும் இடும் பச்சை உணவு
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம், தெரு விளக்கு என்று பெரிய காரியங்களைப் பற்றி ஆலோசிக்க வேண்டிய ஊராட்சி உறுப்பினர்கள், நாய்ச் சட்டியில் என்ன விழுகிறது என்பதைப் பற்றியும் கவலைப்பட வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நாய்ச் சட்டியில் பச்சையாக விழும் உணவு அந்தச் சட்டியோடு நின்றுவிடுவதில்லை. அது நாயின் வாய் வழியாகவும் கழிவின் வழியாகவும் வீட்டுத் திண்ணைக்கு வருகிறது. மாட்டுக் கொட்டிலுக்குப் போகிறது. தவழும் குழந்தையின் கைக்கு எட்டுகிறது. ஆகவே இது வீட்டின் காரியமாகவும் ஊரின் காரியமாகவும் இருக்கிறது.

நம் கிராமங்களில் நாயும் பூனையும் வேலை செய்யும் பிராணிகள். நாய் களத்தையும் ஆட்டுப் பட்டியையும் காக்கிறது. பூனை குதிரை எலியையும் குலுக்கை எலியையும் ஒழிக்கிறது. தென் மாவட்டங்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் பெற்ற நாட்டு நாய்களைப் பெருமையோடு வளர்க்கிறார்கள். அப்பிராணிகளைப் பட்டினி போட வேண்டும் என்றோ, அவற்றுக்கு இறைச்சியே இடக் கூடாது என்றோ நாம் சொல்ல வரவில்லை. இடுவதை வேகவைத்து இடுங்கள் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி. அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்மிடையே உள்ள வழக்கங்கள்

கோழிக் கடையிலிருந்து தலை, கால், குடல் ஆகியவற்றை மலிவாக வாங்கி வந்து அப்படியே நாய்க்குப் போடுவது ஒரு வழக்கம். ஆடு அறுக்கும் இடத்தில் வேண்டாதென்று தள்ளிய குடலையும் நுரையீரலையும் நாய்கள் இழுத்துப்போக விடுவது மற்றொன்று. மீன் சுத்தம் செய்த கழிவைப் பூனைக்கு வீசுவது, கறந்த பாலைச் சுடவைக்காமல் அதன் கிண்ணத்தில் ஊற்றுவது, உடைந்த முட்டையை நாய்க்கு ஊற்றுவது, பசு ஈன்றபின் விழும் இளங்கொடியை நாய் கவ்விச் செல்வதைப் பாராமல் இருப்பது, செத்த கன்றையோ ஆட்டையோ ஊர்ப்புறத்தில் எறிந்துவிடுவது ஆகியவையும் நாம் எங்கும் காண்பவை.

இவை யாவும் தீய எண்ணத்தால் நிகழ்வன அல்ல. வீணாகும் பொருள் ஒரு வாயில்லாப் பிராணிக்கு உணவாகட்டும் என்ற நல்லெண்ணத்தால் நிகழ்வன. நல்லெண்ணத்தோடு சிறிது அறிவும் சேர்ந்துவிட்டால் வரக்கூடிய தீங்கைத் தடுத்துவிடலாம்.

கிருமி பெருகும் விதம்

பச்சை இறைச்சியில் பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் பலவகை உண்டு. அவற்றுள் நாம் பெயர் அறிந்திருக்க வேண்டியவை சில. சால்மோனெல்லா கோழிக் குடலிலும் முட்டையிலும் அடிக்கடி காணப்படுவது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்குவது. கேம்பைலோபாக்டர் என்பதும் கோழி இறைச்சியோடு வருவது. நாய்க்குட்டிகள் வழியாகக் குழந்தைகளைப் பற்றுவது. ஈ கோலை என்பதன் வகைகளுள் தீய வகை ஒன்று மாட்டின் குடலிலிருந்து வந்து மனிதனின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. லிஸ்டீரியா என்பது கருவுற்ற பெண்ணுக்குக் கருச்சிதைவை உண்டாக்கக் கூடியது. குளிர்பெட்டியின் குளிரிலும் மெல்ல வளரும் இயல்புடையது.

இக்கிருமிகள் இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுகின்றன. இதமான வெப்பமும் ஈரமும் உணவும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிக்கும். காலை 7 மணிக்கு ஒரே ஒரு கிருமி இருந்ததென்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் பெருகினால் பிற்பகல் 2 மணிக்கு அது 20 லட்சத்தைத் தாண்டிவிடும். 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் கிருமிகள் பெருகும். நம் நாட்டின் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் அந்த எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. எனவே காலையில் வாங்கிய கோழிக் குடலை மாலை வரை பையில் தொங்கவிட்டு இடுவது கிருமியை வளர்த்து இடுவதேயாகும்.

"மஞ்சள் தடவினால் போதாதா? உப்பில் போட்டால் போதாதா? குளிர்பெட்டியில் உறைய வைத்தால் செத்துவிடாதா?" என்று கேட்பவர் உண்டு. மஞ்சளும் சிறிது உப்பும் இறைச்சியின் உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லுவதில்லை. உறைய வைத்தால் கிருமி பெருகாமல் உறங்கும். பனி உருகியதும் மீண்டும் விழித்துக்கொள்ளும். கிருமியை ஒழிக்க நம் வீட்டில் நிச்சயமாகக் கிடைக்கும் கருவி அடுப்பு ஒன்றே. இறைச்சியின் நடுப்பகுதி வரை 74 பாகை செல்சியஸ் சூடு ஏறிவிட்டால் மேலே சொன்ன கிருமிகள் மடிந்துவிடும்.

"நாய்க்கு ஒன்றும் ஆவதில்லையே!"

நாம் எந்த ஊருக்குச் சென்று பேசினாலும் எழும் கேள்வி இது. "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நாய் பச்சைக் கறிதான் தின்கிறது, அது கல்லுப்போல் இருக்கிறது" என்பார்கள். இதில் உண்மை உண்டு. நாயின் இரைப்பையில் அமிலம் கடுமையானது. பல நாய்கள் கிருமி கலந்த இறைச்சியைத் தின்றும் நோய் கொள்ளாமல் இருந்துவிடும். ஆனால் அபாயம் அங்கேதான் மறைந்திருக்கிறது. நாய் படுத்துவிட்டால் நாம் எச்சரிக்கை அடைவோம். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடியாடும்போது, அதன் கழிவில் கிருமி வெளிவருவதை நாம் அறிவதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடா நாட்டில் 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், சால்மோனெல்லா கலந்த பச்சை உணவை ஒரே ஒருவேளை 16 நாய்களுக்கு இட்டார்கள். அவற்றில் 7 நாய்கள் அடுத்த ஒரு வார காலத்துக்குள் தம் கழிவில் அக்கிருமியை வெளியிட்டன. நாய்களுக்கோ நோயின் அறிகுறி ஒன்றும் இல்லை. ஒருவேளை உணவுக்கே இந்த நிலை என்றால், நாள்தோறும் பச்சைக் கழிவு தின்னும் நாயைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டும்.

அந்த நாய் தன் பின்புறத்தை நக்குகிறது; பிறகு குழந்தையின் கன்னத்தை நக்குகிறது. முற்றத்தில் கழிக்கிறது; அங்கே குழந்தை மண்ணில் விளையாடுகிறது. கீரைப் பாத்தியில் கழிக்கிறது. அந்தக் கீரை நம் சமையலறைக்கு வருகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியோர், கருவுற்ற தாய்மார், நீரிழிவு முதலிய நோயுள்ளவர்கள் ஆகிய நால்வகையினரையே இக்கிருமிகள் கடுமையாகத் தாக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மெய்யே. வீட்டில் உள்ளவர்க்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

மேல்நாட்டு அனுபவம்

மேல்நாடுகளில் பச்சை இறைச்சியை அரைத்துப் பொட்டலமாகக் கட்டி நாய் பூனைகளுக்கென்றே விற்கிறார்கள். அங்கே ஆலைகள் உண்டு, குளிர்பதன வண்டிகள் உண்டு, மேற்பார்வை உண்டு. இத்தனை இருந்தும் கிருமி விலகவில்லை. அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், 196 பச்சை உணவு மாதிரிகளில் 15இல் சால்மோனெல்லாவும் 32இல் லிஸ்டீரியாவும் இருந்தன. நெதர்லாந்தில் 2018இல் வெளியான ஆய்வொன்றில் 35 பொட்டலங்களைச் சோதித்தபோது, 19இல் லிஸ்டீரியாவும், 8இல் தீய வகை ஈ கோலையும், 7இல் சால்மோனெல்லாவும் காணப்பட்டன. 28 பொட்டலங்களில் பல மருந்துகளுக்கு அடங்காத ஈ கோலை இருந்தது.

இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டில் தீய வகை ஈ கோலையால் நால்வர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். விசாரித்தபோது, அந்த நால்வரில் மூவர் பச்சை இரைப்பை இறைச்சி தின்னும் நாய்களோடு பழகியவர் என்று தெரியவந்தது. அவர்கள் அந்த இறைச்சியைத் தின்னவில்லை. நாய்க்கு இட்ட உணவே அவர்களுக்கு நோயைக் கொண்டுவந்தது. அதே நாட்டில் 2018ஆம் ஆண்டின் இறுதி முதல், வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பல பூனைகளுக்கு மாட்டுக் காசநோய்க் கிருமி பற்றியது. அவை தின்ற பச்சை மானிறைச்சி உணவின் மேலேயே ஐயம் விழுந்தது.

மருந்துக்கு அடங்காத கிருமி என்று சொன்னோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை. கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கிருமிக்கொல்லி மருந்துகளைக் கலக்கும் பழக்கம் பல நாடுகளில் பரவியது. மருந்தைத் தாங்கிப் பிழைத்த கிருமிகளே மிஞ்சிப் பெருகின. மனிதரின் உயிர் காக்கக் கடைசியாகக் கையாளப்படும் மருந்துகளுள் ஒன்றான கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது இக்காரணம் பற்றியே. கோழிக் குடலைப் பச்சையாக வீட்டுக்குள் கொண்டுவரும்போது, மருத்துவமனை மருந்துக்கும் அடங்காத கிருமியை நாம் அழைத்து வரக்கூடும்.

பூனைகள் தரும் எச்சரிக்கை

பாக்டீரியாவோடு இன்னொரு பகையும் அண்மையில் சேர்ந்திருக்கிறது. பறவைக் காய்ச்சல் என்னும் வைரஸ் நோயைக் கோழி வளர்ப்போர் அறிவர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2024 மார்ச் மாதத்தில் ஒரு பால் பண்ணையில் கறவை மாடுகளுக்கு அந்நோய் கண்டது. அங்கிருந்த சுமார் 24 பூனைகளுக்கு நோயுற்ற மாடுகளின் சீம்பாலையும் பச்சைப் பாலையும் ஊற்றிவந்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் இறந்தன. சில பூனைகள் கண் பார்வை இழந்து, நடை தடுமாறி மாண்டன. பெரும்பாலான மாடுகள் பிழைத்துக்கொண்டன. பாலைக் குடித்த பூனைகள் பிழைக்கவில்லை.

நம் நாட்டிலும் 2024 டிசம்பரில் நாகபுரியின் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் 1 சிறுத்தையும் பறவைக் காய்ச்சலால் இறந்தன. இரையாக இட்ட கோழி இறைச்சியின் வழியாக நோய் வந்திருக்கலாம் என்ற ஐயம் அப்போது எழுந்தது. புலியும் பூனையும் ஒரே குலம். காட்டரசனையே சாய்க்கும் நோய் நம் அடுப்பங்கரைப் பூனையை விட்டுவைக்குமா? பண்ணையில் கோழிகள் கூட்டமாகச் செத்தால் ஒரு கோழியைக்கூட நாய் பூனைக்கு எறியாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

இளங்கொடியும் கன்று வீச்சும்

பசு ஈன்றதும் விழும் இளங்கொடியை வைக்கோலோடு சாக்கில் கட்டி, ஊருக்கு வெளியே ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் பெரியோர் கண்ட வழக்கம். பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்று அதற்குக் காரணம் கூறினர். காரணம் எதுவாயினும், நாய்க்கு எட்டாமல் வைத்த அளவில் அந்த வழக்கம் பயனுடையது. இன்று பல ஊர்களில் அந்த வழக்கமும் போய்விட்டது. இளங்கொடி குப்பையில் விழுகிறது, நாய் அதை இழுத்துக்கொண்டு நாலு கொட்டில்களைச் சுற்றி வருகிறது.

சினைமாடு ஐந்து மாதத்துக்குப் பிறகு கன்றை வீசிவிட்டால், அது புருசெல்லா என்னும் பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். வீசப்பட்ட கன்றிலும், இளங்கொடியிலும், அதைத் தொடர்ந்து வடியும் நீரிலும் அக்கிருமி கோடிக் கணக்கில் இருக்கும். அதைத் தின்ற நாய் கிருமியை வாயிலும் காலிலும் சுமந்து அடுத்தவர் மேய்ச்சல் நிலத்தில் போடுகிறது. அங்கே மேயும் சினைமாடும் கன்று வீசுகிறது. ஒரு கன்று போவதோடு அந்த ஈற்றின் பால் வருமானமும் போய்விடுகிறது.

மனிதருக்கும் இந்நோய் தாவும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி, தீராத களைப்பு ஆகியவை அதன் குறிகள். மால்டா தீவில் ஆங்கிலேயப் படைவீரர் பலர் இக்காய்ச்சலால் வாடினர். 1887இல் டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் அங்கே இக்கிருமியைக் கண்டுபிடித்தார். 1905இல் தெமிஸ்டோகிளிஸ் சம்மிட் என்ற மால்டா நாட்டு மருத்துவர், நோயற்றவை போலத் தோன்றிய வெள்ளாடுகளின் பச்சைப் பாலே காரணம் என்று நிறுவினார். படையினருக்கு அந்தப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் விரைவாகக் குறைந்தது. காய்ச்சாத பாலை நாமும் குடிக்கலாகாது, பூனைக்கும் ஊற்றலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கன்று வீசிய இடத்தில் வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள்; கையுறை இல்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் பையையாவது கையில் கட்டிக்கொள்ளுங்கள். வீசிய கன்றையும் கொடியையும் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நாய் தோண்டாதபடி மேலே முள்ளோ கல்லோ போடுங்கள். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி, 4 முதல் 8 மாதம் வரை வயதான கிடாரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை இந்நோய்க்குத் தடுப்பூசி இடப்படுகிறது. அந்த வயதுக் கன்றுகள் ஊரில் எத்தனை என்று ஊராட்சியே கணக்கெடுத்து மருந்தகத்துக்குக் கொடுத்தால் ஒன்றும் விட்டுப்போகாது.

திடீரென்று விழுந்து செத்த மாட்டையோ ஆட்டையோ பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய இரத்தம் வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவே கூடாது. தோலை உரிக்கக் கூடாது. வேகவைத்தாலும் நாய்க்கு இடக் கூடாது. அக்கிருமியின் வித்து எளிதில் சாகாது. உடல் திறந்தால் மண்ணில் கலந்து பல ஆண்டு நிலைத்திருக்கும். மருத்துவருக்குச் சொல்லி, அவர் காட்டும் முறைப்படி ஆறடி ஆழத்தில் சுண்ணாம்போடு புதைப்பதே வழி.

ஈரலில் வளரும் நீர்க்கட்டி

ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகளை இறைச்சிக் கடைக்காரர் பார்த்திருப்பர். அதை வெட்டி நாய்க்கு எறிவதும் உண்டு. அக்கட்டிக்குள் இருப்பது சிறு நாடாப்புழுவின் குட்டி நிலை. இது பாக்டீரியா அன்று. ஆனால் பரவும் வழி அதே பச்சைக் கழிவுதான். நாய் அதைத் தின்றால் அதன் குடலில் புழு முதிர்ந்து முட்டையிடும். முட்டை நாயின் கழிவு வழியே புல்லிலும் கீரையிலும் குழந்தையின் கையிலும் ஒட்டும். மனிதன் வயிற்றுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்து, பெரிய அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடும்.

நியூசிலாந்து நாடு ஆடு வளர்ப்பில் பெயர் பெற்றது, இந்நோயாலும் வருந்தியது. 1959இல் தனிச் சட்டமே இயற்றிப் பச்சை ஈரல், நுரையீரல் முதலியவற்றை நாய்க்கு இடுவதைத் தடுத்தார்கள். நாய்களுக்கு முறையாகப் புழு மருந்து கொடுத்தார்கள். 2002ஆம் ஆண்டில், நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்க முடிந்தது. பட்டிதோறும் நாய் வைத்திருந்த உழவர்களே அதைச் சாதித்தார்கள். நம்மாலும் முடியும்.

வேகவைத்து இடும் முறை

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்வோம்.

1. நாய் பூனை உணவுக்கென்று ஒரு பழைய பாத்திரம், ஒரு கத்தி, ஒரு பலகை ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையலுக்கு அவற்றை எடுக்கலாகாது.

2. கழிவு இறைச்சியை வாங்கியவுடன் வேகவையுங்கள். இயலாதெனில் மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் வடியும் நீர் மற்ற உணவில் விழும்.

3. சிறு துண்டுகளாக நறுக்கி, நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் அரை மணி நேரம் வேகவிடுங்கள். உள்ளே சிவப்பு தெரியக் கூடாது.

4. வெந்த இறைச்சியைச் சோற்றிலோ கேழ்வரகுக் களியிலோ பிசைந்து இடுங்கள். வெந்த கோழி எலும்பு கூராகச் சிம்பு பிளந்து குடலைக் குத்தும். ஆகவே எலும்பை நீக்கிவிடுங்கள். பூனைக்கு வெந்த நீரையும் சேர்த்தே கொடுங்கள்; பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டாரின் என்னும் சத்து அந்த நீரில் இறங்கியிருக்கும்.

5. மீனையும் வேகவைத்தே இடுங்கள். சிலவகைப் பச்சை மீனில் தயமின் என்னும் வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. அதையே நாள்தோறும் தின்னும் பூனைக்கு வலிப்பு வரும். சூட்டில் அப்பொருள் செயலற்றுப் போகும்.

6. தின்று மிஞ்சியதை அரை மணி நேரத்தில் அப்புறப்படுத்துங்கள். சட்டியைச் சோப்பிட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள். குடிநீர்க் குழாயடியிலும் கிணற்றடியிலும் அதைக் கழுவாதீர்கள்.

7. பச்சை இறைச்சியைத் தொட்ட கையையும், நாயைத் தொட்ட கையையும் சோப்பிட்டு 20 விநாடி கழுவுங்கள். இந்த வேலையைச் சிறுவரிடமும் கருவுற்ற பெண்களிடமும் விடாதீர்கள்.

8. முற்றத்தில் விழும் நாய்க் கழிவை அன்றன்றே வாரிப் புதையுங்கள். கீரைப் பாத்திக்கு வேலி கட்டுங்கள்.

"இதற்கெல்லாம் விறகு யார் கொடுப்பது?" என்று கேட்பது நியாயமே. மாட்டுக்குப் பருத்திக்கொட்டையோ தவிடோ காய்ச்சும் அடுப்பின் தணலிலும், வெந்நீர் போட்டு இறக்கிய அடுப்பிலும் இதை வேகவிடலாம். சாண எரிவாயு உள்ள வீட்டில் செலவே இல்லை. இரண்டு நாள் உணவை ஒருமுறை வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். அன்றாடம் இறைச்சி இட வசதியில்லாதவர், நாய்க்குச் சோற்றோடு வெந்த முட்டையோ காய்ச்சிய மோரோ இட்டாலும் போதும். ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டு மருத்துவமனைக்குப் பேருந்தில் ஒருமுறை போய்வரும் செலவையும், அன்று இழக்கும் கூலியையும் கணக்கிட்டுப் பார்த்தால் விறகின் விலை அற்பம்.

ஊராட்சியின் கடமை

வீட்டார் அனைவரும் வேகவைத்து இட்டாலும், கடைத்தெருக் கழிவு திறந்து கிடந்தால் பயனில்லை. இங்கேதான் ஊராட்சியின் பொறுப்பு வருகிறது.

முதலாவதாக, ஆடு அறுக்கும் இடத்துக்கு நாய் நுழையாத சுற்றுவேலியும் மூடியிட்ட கழிவுக் குழியும் வேண்டும். நீர்க்கட்டி உள்ள ஈரலும் நுரையீரலும் அந்தக் குழிக்கே போக வேண்டும்.

இரண்டாவதாக, கோழிக் கடைகள் கழிவை மூடிய தொட்டியில் சேர்த்து அன்றன்றே அகற்ற வேண்டும். சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் கொட்டுவோரை எச்சரிக்க வேண்டும். கேளாவிட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும். திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், வெள்ளகோயில் பகுதிகளில் 2024, 2025 ஆண்டுகளில் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடியதையும் நாம் அறிவோம். திறந்த வெளியில் கொட்டும் இறைச்சிக் கழிவு நாய்க் கூட்டத்தைப் பெருக்குகிறது. கழிவு கிடைக்காத நாளில் அந்தக் கூட்டம் பட்டியை நாடுகிறது. கழிவை மூடினால் கிருமியும் அடங்கும், கூட்டமும் குறையும்.

மூன்றாவதாக, செத்த பிராணிகளைப் புதைப்பதற்கு நீர்நிலைக்கும் குடியிருப்புக்கும் தொலைவில் ஓர் இடம் ஒதுக்கி, சுண்ணாம்பை இருப்பில் வைக்க வேண்டும்.

நான்காவதாக, ஆண்டுதோறும் மருந்தகத்தோடு பேசி ஒரு நாள் குறித்து, ஊரிலுள்ள நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் புழு மருந்தும் ஒருங்கே கொடுக்க ஏற்பாடு செய்யலாம்.

ஐந்தாவதாக, கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துப் பேசுங்கள். மகளிர் குழுவினரும் அங்கன்வாடிப் பணியாளரும் அதில் கலந்துகொள்ளட்டும். நாய்க்குச் சோறு வைப்பதும் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதும் பெரும்பாலும் ஒரே கை. அந்தக் கைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

நண்பர்களே, வாசலில் காவல் நிற்கும் நாய் கள்ளனை உள்ளே விடாது. ஆனால் நாம் பச்சையாக இடும் ஒரு கவளத்தோடு கண்ணுக்குத் தெரியாத கள்ளன் அதன் வாயிலேயே ஏறி உள்ளே வந்துவிடுகிறான். அவனைத் தடுப்பது நாயின் வேலை அன்று, நம் வேலை. ஊருக்குத் திரும்பியதும் உங்கள் வீட்டிலேயே முதலில் தொடங்குங்கள். உறுப்பினர் வீட்டு நாய்ச் சட்டியில் வெந்த உணவு இருக்கக் கண்டால் அண்டை வீட்டாரும் அடுப்பு மூட்டுவர். பின்னர் கோழிக் கடைக் கழிவையும் ஆட்டுத்தொட்டியையும் நேரில் சென்று பாருங்கள். அடுத்த ஊராட்சிக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவாருங்கள். வேண்டிய யோசனை கூறக் கால்நடை மருந்தகத்தார் காத்திருக்கிறார்கள்.